சினிஸ்டர்: இடப்பக்கத்துச் சொல்

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு)

ஆங்கில மொழியில் தீமையைச் சுட்டும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஈவில் என்கிறார்கள்; வைல் என்கிறார்கள்; விக்கெட் என்கிறார்கள் (இது மட்டைப்பந்துக் குச்சியன்று). நெஃபேரியஸ் என்று நாக்கைப் பதம் பார்க்கும் சொல்லும் ஒன்று உண்டு. இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான் ‘சினிஸ்டர்’. முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் இச்சொல் வந்தால் அகராதியைப் புரட்டி, ‘தீய, கேடு குறிக்கிற’ என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அவ்வளவு விரைவாகக் கடந்து போகக்கூடிய சொல் அன்று இது. இதன் பொருளையும் வழக்கையும் முதலில் பார்த்துவிட்டு, பின்னர் இதன் பிறப்புக்கு வருகிறேன்.

ஈவில் என்பது வெளிப்படையான தீமை. சினிஸ்டர் என்பது தீமையின் நிழல். பட்டப்பகலில் ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்தினால் அது கொடுமை, குற்றம். அச்செயலைச் சினிஸ்டர் என்று யாரும் எழுதமாட்டார்கள். முந்திய நாள் மாலை அவன் தெருமுனையில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் நலம் விசாரித்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்புத்தான் சினிஸ்டர். ஆகவே இச்சொல் பெரும்பாலும் சிரிப்பு, பார்வை, குரல், மௌனம், நோக்கம் போன்றவற்றுக்கே அடைமொழியாக வருகிறது. ‘சினிஸ்டர் ஸ்மைல்’, ‘சினிஸ்டர் சைலன்ஸ்’, ‘சினிஸ்டர் மோட்டிவ்’ என்பன இயல்பான தொடர்கள். நம் நாட்டு ஆங்கில நாளேடுகளுக்குச் ‘சினிஸ்டர் டிசைன்’ என்ற தொடர்மேல் தனிக் காதல். பகை நாடோ எதிர்க்கட்சியோ எது செய்தாலும் அதன் பின்னே ஒரு சினிஸ்டர் டிசைன் இருந்தே தீரும்!

இதற்கு மிக நெருங்கிய உறவினன் ‘ஆமினஸ்’. இரண்டையும் ஒன்றாக நினைப்பது எளிது. வரப்போகும் கெடுதிக்கு அறிகுறியாக நிற்பது எதுவும் ஆமினஸ். மேற்கே கறுத்து வரும் புயல்மேகம் ஆமினஸ். அதில் எவருடைய சூதும் இல்லை. சினிஸ்டர் என்றால் பெரும்பாலும் பின்னால் ஒரு மனம் இருக்கிறது, அம்மனம் நமக்கு நல்லது நினைக்கவில்லை என்ற உணர்வு சேர்ந்து வரும். அதனால்தான் பாழடைந்த வீட்டைக்கூட இச்சொல்லால் வருணிக்கும்போது, உள்ளே யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஓர் அச்சம் படிப்பவனுக்கு உண்டாகிறது. தேர்வில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணுக்கோ, விடுதிச் சாம்பாருக்கோ இச்சொல் ஆகாது. சாம்பாரைப் பற்றி மாற்றுக் கருத்து உடைய நண்பர்கள் பொறுத்தருள்க.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன? ‘வஞ்சகமான’ என்றால் ஏமாற்று என்ற கருத்து மேலோங்கிவிடுகிறது. ‘விபரீதமான’ என்பது ஆமினஸுக்கே பொருந்தும். ‘அமங்கலமான’ என்பதில் சூது இல்லை. பல நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றிய விடை நம் பேச்சு வழக்கிலேயே கிடந்தது. ‘அவன் பார்வையே சரியில்லை’ என்கிறோமே, அந்தச் ‘சரியில்லை’ தான் சினிஸ்டருக்கு மிக அருகில் வருகிறது. என்ன தப்பு என்று சுட்டிக் காட்ட முடியாது, ஆனால் சரியில்லை.

இனிச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கில வகுப்பில் இச்சொல்லைச் சந்தித்திருந்தால் நானும் பென்சில் குறிப்போடு நின்றிருப்பேன். நான் இதைச் சந்தித்ததோ கரிம வேதியியலில். ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால், அம்மூலக்கூறு இரு வடிவங்களில் அமையும். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். இரண்டு கைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. இவ்விரு வடிவங்களுக்கும் பெயரிட கான், இங்கோல்டு, பிரிலாக் என்னும் மூவர் 1956-லும் 1966-லும் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு விதி வகுத்தார்கள். தொகுதிகளுக்கு முன்னுரிமை வரிசை கொடுத்து, கடைசித் தொகுதியை நமக்கு அப்பால் தள்ளி வைத்து, மற்ற மூன்றையும் வரிசைப்படி பார்வையால் சுற்றி வர வேண்டும். கடிகார முள் போல் சுற்றினால் ‘ஆர்’. எதிராகச் சுற்றினால் ‘எஸ்’. ஆர் என்பது ரெக்டஸ், எஸ் என்பது சினிஸ்டர். இரண்டும் இலத்தீன் சொற்கள். (மூவரில் முதல்வரான ராபர்ட் சிட்னி கானின் தலைப்பெழுத்துகளும் ஆர், எஸ் என்றே இருப்பது சுவையான ஒற்றுமை.) பிரிலாக்குக்கு 1975-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இலத்தீனில் சினிஸ்டர் என்றால் ‘இடது’. அவ்வளவுதான். அதன் இணை ‘டெக்ஸ்டர்’, வலது. ரெக்டஸ் என்பது உண்மையில் வலப்பக்கத்தைக் குறிப்பதன்று. ‘நேரான, சரியான’ என்பதே அதன் பொருள். அதாவது நம் பாடநூலிலேயே ஒரு வடிவம் ‘சரியானது’, மற்றது ‘இடது’ என்று பெயர் பெற்றிருக்கிறது. வேதியியலார் எவரும் கெட்ட எண்ணத்தோடு இப்பெயரை வைக்கவில்லை. ‘டி’ என்ற எழுத்து முன்னரே வேறு பொருளில் புழங்கிவிட்டதால் ரெக்டஸை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பழைய சொற்கள் எங்கே போனாலும் பழைய வாடையைச் சுமந்துகொண்டே போகின்றன.

இடம் எப்படித் தீமை ஆயிற்று? இதில் ஒரு வியப்பு இருக்கிறது. பழைய உரோமர்களுக்கு இடப்பக்கம் நல்ல பக்கமாகவே இருந்தது. பறவைகள் பறக்கும் திசை கண்டு நிமித்தம் சொல்லும் உரோமப் பூசகர்கள் தெற்கு நோக்கி நிற்பது மரபு. தெற்கு நோக்கி நின்றால் கிழக்கு எந்தப் பக்கம்? இடப்பக்கம். ஞாயிறு தோன்றும் திசை ஆகையால் இடப்பக்கத்து நிமித்தம் நன்மை தருவது. கிரேக்கர்களோ வடக்கு நோக்கி நின்றார்கள். அவர்களுக்குக் கிழக்கு வலப்பக்கம் ஆயிற்று. ஆகவே இடம் தீயது. உரோமர் கிரேக்கரை நாட்டால் வென்றாலும் பழக்க வழக்கத்தில் அவர்களிடம் தோற்றார்கள் என்பது வரலாறு. கிரேக்கர் கருத்தே மெல்ல மெல்ல உரோமிலும் படிந்து, சினிஸ்டருக்குக் ‘கேடான’ என்ற பொருள் ஏறியது. நமக்கு இடம் நல்லது, கிரேக்கருக்கும் பிறருக்கும் வலம் நல்லது என்ற கருத்தைச் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய நிமித்த நூலில் குறிப்பிடுகிறார். ஒருவன் நின்ற திசை மாறியதால் ஒரு கையின் குணம் மாறிவிட்டது!

கிரேக்கர்கள் இடத்தின் பெயரைச் சொல்லவே அஞ்சினார்கள் என்று தெரிகிறது. அவர்கள் மொழியில் இடத்துக்கு வழங்கிய ஒரு சொல்லின் நேர்ப்பொருள் ‘நற்பெயர் உடையது’. இன்னொரு சொல் ‘சிறந்தது’ என்ற வேரிலிருந்து வந்தது. நம்மவர்கள் சுடுகாட்டை நன்காடு என்றும், நஞ்சுடைய நாகத்தை நல்லபாம்பு என்றும் சொல்வது போன்றதே இது. நம் இலக்கணத்தார் இதனை மங்கல வழக்கு என்பர்.

பிற ஐரோப்பிய மொழிகளிலும் இடக்கையின் கதை இதுவே. இடத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்துக்கு ‘வலுவற்ற’ என்று பொருள். பக்கவாத நோயின் பழைய ஆங்கிலப் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ரைட்’ என்பது வலம், சரி, உரிமை மூன்றுமாக அரசாள்கிறது. பிரெஞ்சில் இடம் ‘கோஷ்’. அதுவே ஆங்கிலத்துக்குள் வந்து ‘நாகரிகம் தெரியாத’ என்று பொருள் தருகிறது. கைத்திறமைக்கு ‘டெக்ஸ்டெரிட்டி’ என்று பெயர், வலக்கையிலிருந்து பிறந்த சொல். எல்லாவற்றிலும் வேடிக்கை, இரு கைகளாலும் வேலை செய்யக்கூடியவனை ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்பதுதான். சொல்லைப் பிரித்தால் ‘இரண்டும் வலக்கையாக உடையவன்’. திறமை இருந்தால் இடக்கையும் தன் பெயரை இழந்து வலக்கையாகிவிட வேண்டும் போலும்.

சினிஸ்டர் பழைய பிரெஞ்சு வழியாகப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரு பொருளும் உயிரோடு இருந்தன. ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ நாடகத்தில் ஒரு வீரனின் கன்னத்துத் தழும்பைச் சொல்லுமிடத்தில் அது வெறும் இடது கன்னம். ‘ஐந்தாம் ஹென்றி’யில் அதே சொல் நேர்மையற்ற உரிமைக் கோரிக்கையைச் சுட்டுகிறது. இரண்டில் ஒன்று தேய்ந்து, தீமை மட்டும் இன்று பொது வழக்கில் நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு தேடிப் படித்தேன் என்று நண்பர்கள் கேட்கலாம். என் தாயார் இடக்கைப் பழக்கம் உள்ளவர். நானும் அப்படியே பிறந்தேன். எங்கள் பக்கத்தில் வலக்கைக்குச் சோத்தாங்கை என்று கௌரவமான பெயர். இடக்கைக்கு நொட்டாங்கை, பீச்சாங்கை, ஒரட்டாங்கை என்று ஏளனப் பெயர்கள் வேண்டிய மட்டும் உண்டு. கதிர் அறுக்கும் கருக்கரிவாள் வலக்கைக்கென்றே பல் வெட்டப்படுவது. இடக்கையில் பிடித்து இழுத்தால் தாள் அறுபடாமல் நழுவும். அம்மாவுக்கென்று பல்லைத் திருப்பி வெட்டிக் கொடுத்த கொல்லர் ஒருவர் ஊரில் இருந்தார். அந்த அரிவாளோடு அம்மா யாருக்கும் பின்தங்கியதில்லை என்று உடன் அறுத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் மாலையில் களத்தில் கூலி நெல் அளக்கும்போது, பழக்க தோஷத்தில் இடக்கை முன்னே நீண்டுவிட்டால் மரக்கால் அந்தரத்தில் நின்றுவிடுமாம். கை மாறிய பிறகே நெல் விழுமாம். பகல் முழுதும் அந்த நெல்லை அறுத்தது எந்தக் கை என்று கேட்பார் இல்லை.

பள்ளியில் என் இடக்கை விரல்மேல் அடிக்கோல் விழுந்தது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பென்சில் வலக்கைக்கு மாறிவிட்டது. இன்று எழுதுவது மட்டும் வலக்கை. மற்றவை எல்லாம் இடக்கை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நொட்டாங்கை என்ற ஏளனமெல்லாம் எங்கள் ஊரோடு, எழுத்தறியாதவர்களோடு நின்றுவிடும், படித்தவர்களின் மொழியில் வேறு நியாயம் இருக்கும் என்று ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது. நூலகத்தில் பெரிய அகராதியைத் திறந்தபோது, களத்தில் மரக்கால் பிடித்தவரும் உரோமாபுரிப் பூசகரும் ஒரே வரியில் நிற்பதைக் கண்டேன். அன்று மாலை நூலகம் சாத்தும் வரையில் எழுந்திருக்கவில்லை.

இயற்கை இக்கருத்தை ஏற்கிறதா என்று என் துறைக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். நம் உடலின் புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களில் கிளைசினுக்குக் கண்ணாடி வடிவம் கிடையாது. எஞ்சிய பத்தொன்பதில் சிஸ்டைன் ஒன்று மட்டும், அதிலுள்ள கந்தகத்தின் முன்னுரிமையால், ஆர் என்று குறிக்கப்படுகிறது. மற்ற பதினெட்டும் எஸ், அதாவது சினிஸ்டர். ஓடிக் களைத்தவனின் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் எஸ் வடிவம். வலி தீர்க்கும் ஐபுபுரோஃபென் மாத்திரையில் இரு வடிவங்களும் கலந்தே இருக்கின்றன. வலியைத் தணிப்பது எஸ் வடிவம். அவ்வடிவத்தை மட்டும் தனியே பிரித்து விற்கும் மருந்துக்கு டெக்ஸ்ஐபுபுரோஃபென் என்று பெயர். ஒளியை வலப்புறம் திருப்புவதால் ‘டெக்ஸ்’, அமைப்பால் ‘சினிஸ்டர்’. ஒரே மூலக்கூறு வலமும் இடமுமாக இருக்கிறது. எஸ் என்பதற்கும் இடஞ்சுழி என்பதற்கும் தொடர்பில்லை என்பதை முதலாண்டு நண்பர்கள் இந்த ஒரு மருந்தைக் கொண்டே நினைவில் வைத்துக்கொள்ளலாம். சதகுப்பை விதையின் மணத்துக்குக் காரணமான கார்வோனும் எஸ் வடிவமே. அதன் ஆர் வடிவம் ஸ்பியர்மின்ட் என்னும் புதினா வகையின் மணம். எது உயர்ந்தது என்பது மூக்கைப் பொறுத்தது.

‘தாலிடோமைடை மறந்துவிட்டாயா?’ என்று வகுப்பில் ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. மேற்கு செருமனியில் 1957-இல் விற்பனைக்கு வந்து, கருவுற்ற தாய்மார் பலர் உண்டு, உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமாகி, 1961-இல் அங்கே விலக்கப்பட்ட மருந்து அது. அதில் கேடு செய்தது எஸ் வடிவம் என்று சொல்லப்படுகிறது. பெயருக்கேற்ற குணம் என்று கதை கட்ட வசதியான செய்திதான். ஆனால் அம்மருந்தின் இரு வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகின்றன. ஆர் வடிவத்தை மட்டும் தூய்மையாகக் கொடுத்திருந்தாலும் அக்குழந்தைகள் தப்பியிருக்கமாட்டார்கள். சினிஸ்டர் என்ற அடைமொழியை அங்கே எதற்காவது கொடுப்பதென்றால், போதிய சோதனை இல்லாமலே ‘முற்றிலும் தீங்கற்றது’ என்று செய்த விளம்பரத்துக்குக் கொடுக்கலாம். முன்பு சொன்ன தெருமுனைச் சிரிப்புக்கு அது சரியான எடுத்துக்காட்டு.

நம் நாட்டுச் செய்தி ஒன்று. தமிழர்கள் கிடைத்தற்கரிய செல்வமாகப் போற்றுவது வலம்புரிச் சங்கு. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் இச்சங்கினத்துக்கு டர்பினெல்லா பைரம் என்று பெயர். இதைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். சாதாரணமாகக் கிடைப்பதை நாம் இடம்புரி என்கிறோம். விலங்கியலார் அதனை டெக்ஸ்ட்ரல், வலச்சுருள் என்கிறார்கள். நாம் பூசையில் வைக்கும் வலம்புரியோ அவர்கள் நூலில் சினிஸ்ட்ரல்! யார் சொல்வது சரி? இருவரும் சரியே. அவர்கள் சுருளின் முனையை மேலே வைத்து, வாயைத் தம்மை நோக்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். நாம் குவிந்த மூக்கு முனையை மேலே வைத்துப் பார்க்கிறோம். சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் இடத்தே இருந்த வாய் வலத்தே வந்துவிடும். சுருள் மாறவில்லை, பிடித்த கைதான் மாறியது. ஐயமுள்ளவர்கள் ஒரு சாதாரணச் சங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

தமிழ் மரபு இடத்தை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை என்பதை ஈண்டுச் சொல்ல வேண்டும். உமையொருபாகனின் இடப்பாகமே அம்மை. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா முடிவில் கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது, மாதவிக்கு வலக்கண் துடிக்கிறது. பெண்களுக்கு இடக்கண் துடிப்பது நன்னிமித்தம் என்ற நம்பிக்கை தெரியாமல் அவ்விடத்தைப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். நிமித்தத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் உரோமரைப் போல நம்மிடமும் இடத்துக்கு ஒரு நல்ல காலம் இருந்திருக்கிறது என்பதில் ஒரு சிறு மகிழ்ச்சி.

ஆய்வகத்தில் தரம் பார்க்கும்போது கவனித்திருப்பீர்கள். வலக்கை குடுவையைச் சுழற்ற, பியூரெட்டின் திருகை இடக்கையால் இயக்க வேண்டும் என்றே கற்பிக்கிறார்கள். கடைசி ஒரு துளியில் நிறம் மாறும்போது சட்டென்று நிறுத்த வேண்டிய நுட்பமான பொறுப்பு இடக்கைக்கு. முதலாண்டில் பலர் அதற்குத் தடுமாறியபோது எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

இனிப் படிக்கும்போது இச்சொல் எங்கே தீமை, எங்கே வெறும் இடம் என்று பிரித்தறிவது கடினமன்று. கதையிலும் நாளேட்டிலும் வந்தால் தீமை. அறிவியலிலும் மருத்துவத்திலும் வந்தால் இடம். குலச்சின்னக் கேடயங்களைப் பற்றிய நூல்களிலும் இடமே. ஆனால் அங்கே கேடயத்தைத் தாங்கி நிற்பவனின் இடம், எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலம். உடற்கூற்றில் இதயத்தின் இடக்கீழறைக்கு இலத்தீன் பெயர் வென்ட்ரிக்குலஸ் சினிஸ்டர். உடல் முழுதுக்கும் இரத்தத்தை உந்தித் தள்ளுவது அதுவே. நான்கு அறைகளில் தடித்த சுவர் உடையதும் அதுவே. கண் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ஓ.டி., ஓ.எஸ். என்று இரண்டு வரிகள் இருக்கும். ஆக்குலஸ் டெக்ஸ்டர் என்பது வலக்கண், ஆக்குலஸ் சினிஸ்டர் என்பது இடக்கண். நம்மில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். சில மருத்துவர்கள் இலத்தீனை விட்டுவிட்டு ஆர்.இ., எல்.இ. என்று ஆங்கிலத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.